கழட்டிப் பார்த்தவர்: ஜி. டி. நாயுடு

நிலை 6, பாடம் 8

படிப்பதற்கு முன்

உங்கள் வீட்டில் மோட்டார் உள்ள சாமான்கள் எத்தனை? மின்விசிறி, உடுப்புத் தோய்க்கும் மெசின், தலைமயிர் உலர்த்தி என்று எண்ணிப் பாருங்கோ. அவற்றில் ஒன்றையாவது கழட்டி உள்ளே பார்த்திருக்கிறீர்களா?

1. குசினியில் ஒரு சத்தம்

லாசாலில் எங்கள் பிள்ளைகள் பலருடைய வீட்டில் சனிக்கிழமை பின்னேரம் ஒரு சத்தம் கேட்கும். ஊறவைத்த உழுந்து கிரைண்டரில் அரைபடும் சத்தம் அது. கல் சுற்றிக்கொண்டே இருக்கும். மா பொங்கி வரும். அடுத்தநாள் காலை தோசை.

அந்தக் கிரைண்டரில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைத் தேடி வாசித்துப் பாருங்கோ. கனக்கப் பேருடைய வீட்டில் அதில் கோயம்புத்தூர் என்று இருக்கும். அது தமிழ்நாட்டின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய நகரம். சுருக்கமாகக் கோவை என்றும் சொல்வார்கள். கிரைண்டர், தண்ணீர் இறைக்கும் பம்ப், மோட்டார் எல்லாவற்றுக்கும் பெயர்போன ஊர் அது.

ஒரு ஊர் தானாக அப்படி ஆகிவிடாது. யாரோ முதலில் ஒரு இயந்திரத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பாடம். அவருடைய பெயர் கோபாலசாமி துரைசாமி நாயுடு. எல்லாரும் அவரை ஜி. டி. நாயுடு என்றுதான் சொல்வார்கள்.

2. பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை

நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் தேதி பிறந்தார். கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் என்ற கிராமம் அவருடைய ஊர். வீட்டார் விவசாயிகள். அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு நின்றுவிட்டது.

ஒருநாள் அவருடைய ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். அது ரட்ஜ் என்ற இங்கிலாந்துக் கம்பனி செய்தது. அந்தக் காலத்தில் கிராமத்தில் மாட்டுவண்டிதான் ஓடும். மாடும் இல்லாமல், குதிரையும் இல்லாமல், சத்தம் போட்டுக்கொண்டு தானாக ஓடும் வண்டியை இளைஞர் நாயுடு பார்த்தார். அதுக்குப் பிறகு அவருக்கு வேறு யோசனை இல்லை.

வண்டி வாங்கக் காசு வேண்டும். அவர் ஊரைவிட்டுக் கோவைக்குப் போனார். ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சில வருடங்கள் சாப்பாடு பரிமாறி, சம்பளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கிவிட்டார்.

இனி அவர் செய்ததைக் கவனியுங்கோ. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஊர் முழுக்க ஓடித் திரிந்திருப்பீர்கள். நாயுடு அதை ஒவ்வொரு துண்டாகக் கழட்டினார்.

யோசித்துப் பாருங்கோ. வருடக்கணக்காக உழைத்த காசு துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் காசும் போச்சு, வண்டியும் போச்சு. கேட்க ஒரு ஆசிரியர் இல்லை. அவர் ஒவ்வொரு துண்டும் எங்கே இருந்தது, எதைத் தொட்டுக்கொண்டு இருந்தது, எந்தப் பக்கம் சுற்றியது என்று பார்த்துப் பார்த்துத் திரும்பப் பூட்டினார். பிறகு கோவையில் ஒரு மெக்கானிக் ஆனார். அந்த மோட்டார் சைக்கிள்தான் அவருடைய பள்ளிக்கூடம்.

3. ஒரு பஸ், பிறகு நிறையப் பஸ்

1920ஆம் ஆண்டு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். கோவையில் தொழில் செய்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அதுக்குக் கடன் கொடுத்து உதவினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் அந்த பஸ் ஓடியது. முதலில் நாயுடுவே அதை ஓட்டினார்.

பஸ் ஒன்று பத்தாகி, பத்து நூறாகியது. 1930களில் அவருடைய யூ. எம். எஸ். கம்பனியிடம் 200க்கும் மேற்பட்ட பஸ்கள் இருந்தன.

ஒரு பஸ்ஸை ஒரு மனிதன் தானே கவனிக்கலாம். 200 பஸ்ஸுக்கு அது சரிவராது. இன்றைக்கு ஒரு பஸ்ஸில் ஒரு துண்டு தேயும். நாளைக்கு இன்னொன்றில் உடையும். புதுத் துண்டு அளவு கொஞ்சம் பிழைத்தாலும் பூட்ட முடியாது. பலவந்தமாகப் பூட்டினால் அது பக்கத்துத் துண்டையும் தேய்த்துவிடும். வழியில் பஸ் நின்றால் சந்தைக்குப் போகிறவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரும் றோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆகவே பட்டறையில் செய்யும் வேலை சரியான அளவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே அளவில் இருக்க வேண்டும். இதுக்குத்தான் தரம் என்று பெயர்.

4. ஓப்பஸ் கார்டைவிட மெல்லிய இடைவெளி

1930களில் நீலகிரி மலையில் உள்ள பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்ததும் நூல் ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. ஆனால் மோட்டார்கள் கப்பலில் வெளிநாட்டிலிருந்துதான் வந்தன. பழுதானால் உதிரிப்பாகத்துக்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

நாயுடுவும் டி. பாலசுந்தரம் என்ற பொறியியலாளரும் சேர்ந்து 1937ஆம் ஆண்டு கோவை பீளமேட்டில் ஒரு மோட்டாரைச் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தொழிற்சாலையின் பெயர் நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸ். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் என்ற பெரிய நிறுவனத்தைத் தொடங்கினார்.

மோட்டார் செய்வதில் என்ன கஷ்டம்? பாருங்கோ.

மோட்டாரில் முக்கியமாக இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று வெளியே அசையாமல் நிற்கும். அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மற்றது அதன் நடுவே சுற்றும் உருளை. இரண்டும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. ஆனால் தூரமாகவும் இருக்கக் கூடாது. தூரம் கூடினால் காந்தத்தின் இழுவை குறைந்து மின்சாரம் வீணாகும். ஒரு சின்ன மோட்டாரில் அந்த இடைவெளி சுமார் அரை மில்லிமீற்றர், அல்லது அதைவிடக் குறைவு. நீங்கள் மெற்றோவுக்குப் பாவிக்கும் ஓப்பஸ் கார்டின் தடிப்பு அதைவிடக் கூட!

இப்போது அந்த உருளை ஒரு நிமிடத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது என்று நினையுங்கோ. அதன் அச்சு நடுவில் இல்லாமல் மயிரளவு தள்ளியிருந்தால் என்ன நடக்கும்? முதலில் உறுமல் சத்தம் வரும். பிறகு மோட்டார் நடுங்கும். பிறகு சூடாகும். கடைசியில் தேய்ந்து எரிந்து போகும். வெளியே எவ்வளவு வடிவாகப் பெயின்ற் அடித்திருந்தாலும் உள்ளே இருக்கும் பிழையை மறைக்க முடியாது.

உருளையின் அச்சை உருட்டிச் செதுக்கும் மெசினுக்குக் கடைசல் இயந்திரம் என்று பெயர். பட்டறையில் லேத் என்பார்கள். இரும்பு சுற்றும், கூர்மையான உளி அதன் மேல் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். வேலை செய்கிறவர் சீவுவார், நிறுத்துவார், அளப்பார், திரும்பச் சீவுவார். கூடச் சீவினால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். சீவின இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

5. கையில் அடங்கும் மோட்டார்

பெரிய மோட்டார் செய்வது கஷ்டம். சின்ன மோட்டார் செய்வது இன்னும் கஷ்டம். மோட்டார் சின்னதானால் எல்லா இடைவெளியும் சின்னதாகிவிடும். பிழை விடவும் இடம் குறைந்துவிடும்.

நாயுடு ஜெர்மனிக்குப் போய் அங்கே தொழிற்சாலைகளைப் பார்த்தவர். அதுக்குப் பிறகு ஒரு மின்சாரச் சவரக் கருவி வெளிவந்தது. அதன் பெயர் ரசாந்த். கையில் பிடிக்கலாம். உள்ளே ஒரு சின்ன மோட்டார். அது பற்றரியில் ஓடும். உங்கள் அப்பா காலையில் சேவ் எடுக்கும் மெசினைப் போன்றது. மிக மெல்லிய சவரத் தகடுகளையும் நாயுடு உருவாக்கினார்.

கிணற்று மோட்டார் கொஞ்சம் நடுங்கினால் கிணறு முறைப்பாடு சொல்லாது. முகத்தில் வைக்கும் கருவி நடுங்கினால் தோல் உடனே சொல்லிவிடும். வீட்டுச் சாமான் செய்கிறவருக்கு இதுதான் சோதனை. வாங்குகிறவருக்கு அளவு தெரியாது, இயந்திரம் தெரியாது. ஆனால் கைக்கும் காதுக்கும் தரம் தெரியும்.

இன்னும் பல சாமான்களை அவர் செய்தார். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, கமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, யாரும் ஏமாற்ற முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் எல்லாம் அவருடைய பட்டியலில் உண்டு. இதனால் அவரை இந்தியாவின் எடிசன் என்று சொல்வார்கள்.

6. எழுபது ரூபாய் ரேடியோ

எங்கள் லாசாலின் ஓரமாக லஷீன் கால்வாய் ஓடுகிறது. அதன் கரையால் சைக்கிளில் நகரப் பக்கம் போனால் சான்-ஹென்றி வரும். அங்கே லெனுவார் வீதியில் ஆர்சிஏ விக்டர் கம்பனியின் பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் இசைத்தட்டும் ரேடியோவும் அங்கே செய்தார்கள். அந்த நாட்களில் கம்ப்யூட்டரும் இல்லை, தொலைக்காட்சியும் வீடுகளில் இல்லை. உலகச் செய்தி வீட்டுக்குள் வரும் கதவு ரேடியோதான்.

இந்தியாவில் ரேடியோ பெரும்பாலும் இறக்குமதிச் சாமான். வசதியானவர்களின் வீட்டில்தான் இருக்கும். 1941ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், நாயுடு ஒரு அறிவிப்புச் செய்தார். ஐந்து வால்வு உள்ள ரேடியோவை இந்தியாவிலேயே 70 ரூபாய்க்குச் செய்யலாம் என்றார். யூ. எம். எஸ். என்ற பெயரில் ரேடியோக்கள் கோவையில் தயாராகின.

வால்வு என்றால் என்ன? காற்றை வெளியே எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குழாய். ரேடியோ பிடிக்கும் சின்னச் சமிக்ஞையை அது பெரிதாக்கும். இன்றைக்கு அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. உங்கள் கைத்தொலைபேசிக்குள் அவை கோடிக்கணக்கில் இருக்கின்றன.

பழைய ரேடியோவில் ஒரு குமிழைத் திருப்பினால் ஒரு நிலையம் போய் இன்னொரு நிலையம் வரும். அந்தக் குமிழின் பின்னால் மெல்லிய உலோகத் தகடுகள் இரண்டு வரிசையாக இருக்கும். குமிழைத் திருப்பும்போது ஒரு வரிசை மற்ற வரிசையின் நடுவே நுழையும். உங்கள் இரண்டு கைவிரல்களையும் கோர்ப்பது போல. ஆனால் தகடுகள் தொடக் கூடாது. ஒரு தகடு சற்று வளைந்து மற்றதைத் தொட்டாலும் பாட்டுக்குப் பதிலாகக் கரகர என்ற சத்தம்தான் வரும். விலையைக் குறைப்பது சுலபம், தகட்டை எப்படியாவது வெட்டினால் போதும். ஆனால் அந்த ரேடியோ பாடாது. விலையும் குறைய வேண்டும், தகடும் நேராக இருக்க வேண்டும். அதுதான் நாயுடு எடுத்துக்கொண்ட கஷ்டமான வேலை.

7. ஓடாத கார்

நாயுடு செய்த எல்லாம் வெற்றி பெற்றது என்று நினைக்க வேண்டாம்.

1952ஆம் ஆண்டு இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு பெட்ரோல் கார் வெளிவந்தது. அதன் விலை 2,000 ரூபாய். சாதாரணக் குடும்பமும் ஒரு கார் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அந்தக் காலத்தில் இந்தியாவில் இப்படியான தொழிற்சாலை நடத்த அரசாங்கத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் அவருக்குக் கிடைக்கவில்லை. கார் செய்யும் வேலை நின்றுவிட்டது.

ஒரு சாமானை நன்றாகச் செய்வது ஒரு வேலை. அதை மக்களின் கையில் சேர்ப்பது இன்னொரு வேலை. அதுக்கு அனுமதி வேண்டும், முதல் வேண்டும், துணை வேண்டும். முதல் வேலையை நாயுடு தன் கையால் செய்தார். இரண்டாவது எப்போதும் அவர் கையில் இருக்கவில்லை.

8. கையால் படிக்கும் பள்ளிக்கூடம்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனிதர் பின்னால் ஒரு கல்லூரியின் முதல்வர் ஆனார் என்றால் நம்புவீர்களா?

கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் ஒரு பொறியியல் கல்லூரியும் தொடங்க நாயுடு காரணமாக இருந்தார். அப்போது மதராஸ் மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். அங்கே நாயுடு முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு நீளமானது, மாணவர்கள் இயந்திரத்தோடு நேரடியாக வேலை செய்து படித்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவருடைய எண்ணம். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

அந்தப் பொறியியல் கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் வேறு இடத்தில் நடக்கிறது. ஆனால் முன்பு கல்லூரி இருந்த இடத்தைக் கோவை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டு வருடமா, நான்கு வருடமா என்பதை நீங்கள் வகுப்பில் விவாதிக்கலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். நாயுடு பள்ளிக்கூடத்தை விட்டார், படிப்பை விடவில்லை.

இந்தப் பாடத்தை எழுதிய எனக்கு வேலை கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுவது. எங்கள் வேலையில் அரைவாசி நேரம், மற்றவர் எழுதின நிரலைத் திறந்து, எந்தத் துண்டு எதைத் தொடுகிறது என்று பார்த்து, ஒன்றையும் உடைக்காமல் திரும்பச் சேர்ப்பதுதான். இரும்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனாலும் அந்த மோட்டார் சைக்கிள் கதையைப் படித்தபோது இது எங்கள் வேலை போலவே இருக்கிறதே என்று நினைத்தேன்.

9. இன்றைக்கும்

ஜி. டி. நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அப்போது அவருக்கு 80 வயது.

கோவையில் அவிநாசி சாலையில் அவருடைய பெயரில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் சேர்த்த, செய்த பல கருவிகளை அங்கே பார்க்கலாம். அதே சாலையில் 2025ஆம் ஆண்டு திறந்த, 10 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான மேம்பாலத்துக்கும் அவருடைய பெயர்தான்.

அடுத்த சனிக்கிழமை கிரைண்டர் ஓடும்போது கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேளுங்கோ. சத்தம் ஒரே சீராக வந்தால், உள்ளே ஒரு அச்சு சரியாக நடுவில் சுற்றுகிறது என்று அர்த்தம். எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் அதைச் சீவி, நிறுத்தி, அளந்து பார்த்திருக்கிறார்.

புதிய சொற்கள்

குசினி – சமையலறை
பட்டறை – கருவிகள் கொண்டு பொருள்களைச் செய்யும் அல்லது திருத்தும் இடம்
உதிரிப்பாகம் – பழுதான துண்டுக்குப் பதிலாகப் பூட்டும் புதுத் துண்டு
அச்சு – ஒரு பொருள் எதைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்த நடுக்கம்பி
உளி – சீவவும் செதுக்கவும் உதவும் கூர்மையான கருவி
உரிமம் – ஒரு தொழில் செய்ய அரசாங்கம் கொடுக்கும் அனுமதி
தரம் – ஒரு பொருள் எவ்வளவு சரியாகவும் நம்பிக்கையாகவும் இருக்கிறது என்பது

கேள்விகள்

1. நாயுடு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு எப்படிச் சேர்த்தார்?
2. மோட்டார் சைக்கிளைக் கழட்டியபோது அவர் எதை இழந்திருக்கக்கூடும்?
3. மோட்டாரின் இரண்டு பகுதிகளும் தொட்டால் என்ன நடக்கும்? தூரமாக இருந்தால் என்ன நடக்கும்?
4. 1952இல் செய்த கார் ஏன் தொடர்ந்து தயாராகவில்லை? அது சரி என்று நினைக்கிறீர்களா? உங்கள் காரணத்தை மூன்று வசனங்களில் எழுதுங்கோ.
5. பேச்சில் "கழட்டி" என்கிறோம், எழுத்தில் "கழற்றி" என்று எழுதலாம். பாடத்தில் இப்படியான வேறு மூன்று பேச்சுச் சொற்களைக் கண்டுபிடித்து அவற்றின் எழுத்து வடிவத்தை எழுதுங்கோ.

செய்து பாருங்கோ

அழுத்தினால் முனை வெளியே வரும் ஒரு பேனாவை எடுங்கோ. ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஒவ்வொரு துண்டாகக் கழட்டுங்கோ. கழட்டிய ஒழுங்கிலேயே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் கீறி, அதன் வேலை என்ன என்று தமிழில் எழுதுங்கோ. பிறகு திரும்பப் பூட்டுங்கோ. உங்கள் பெயரை எழுதிப் பாருங்கோ. எழுதினால், நீங்கள் வடிவாகப் பூட்டியிருக்கிறீர்கள். ஒரு துண்டு மிஞ்சியிருந்தால், திரும்பவும் கழட்டுங்கோ.

கவனம்: சுவரில் செருகும் மின்சாரச் சாமான் எதையும் பெரியவர் இல்லாமல் திறக்கக் கூடாது.